பத்தியைப் படிக்காமல் பதில் சொன்னவர்

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கேட்டால் புரிகிறதா, படித்தால் புரிகிறதா என்று சோதிக்கும் வினாத்தாளைத் தயாரிப்பதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது. இரண்டாம் மாடியில் நான்கு அறைகள். முதல் அறையில் எழுதுவார்கள். இரண்டாம் அறையில் அடித்துத் திருத்துவார்கள். மூன்றாம் அறையில் எழுதியவரும் திருத்தியவரும் சண்டை போடுவார்கள். நான்காவது பதிவறை, அங்கே பழைய தாள்களும் அவற்றைக் காக்கும் எழுத்தரும் ஒரே நிறத்தில் தூசி படிந்து இருப்பார்கள். இந்த அறைகளுக்கு வெளியே, நடைபாதையில், ஒரு முக்காலியின் மேல் நம்முடைய ஆள் உட்கார்ந்திருப்பார். மணி அடித்தால் எழுந்து போவார். கோப்பு தூக்குவார், நகல் எடுப்பார், டீ கொடுப்பார். பதவி, அலுவலக உதவியாளர். ஆனால் அங்கே எல்லாரும் அவரைக் கூப்பிட்டது அளவுகோல் என்றுதான்.

அந்தப் பெயர் வந்தது ஒரு டீ வேளையில். அந்த வருஷத்துத் தாளை முடித்த களிப்பில் குழுவினர் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார்கள். படித்துப் பதில் எழுதுவதற்கான பத்திகளை எழுதுபவர் ஒரு வாத்தியார். பத்தி வாத்தியார் என்று அழைப்போம். அவர் குஷியில், "அண்ணே, நீங்களும் ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்" என்று தாளை நீட்டிவிட்டார். இருபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை, சரியானதை டிக் செய்ய வேண்டும். இவர் காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தார். பத்திப் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. நாலே நிமிஷத்தில் இருபதுக்கும் டிக் போட்டுவிட்டு, காலி கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

குழுவின் ஒருங்கிணைப்பாளர் அம்மா விளையாட்டாகத் திருத்திப் பார்த்தார். பதினாலு. அம்மாவின் முகம் மாறிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு போட்டால் ஐந்து வரும். அதிர்ஷ்டம் இருந்தால் ஏழு. பதினாலு எப்படி வரும்?

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?" என்று கேட்டார் அம்மா, திருடனைப் பிடித்த குரலில்.

"நாலு தடவை ஃபெயில்மா" என்றார் இவர் பணிவாக.

"அப்போ எப்படிப் போட்டீங்க?"

"பார்த்தாலே தெரியுதே. நாலுல எது நீளமோ அதான் சரி. தப்பான விடைக்கு யாரும்மா அவ்வளவு மெனக்கெடுவாங்க? ஒரே மாதிரி ரெண்டு இருந்தா, அந்த ரெண்டுல ஒண்ணு. 'ஆல்வேஸ்'னு வந்தா தப்பு. உலகத்துல யாரும் எதையும் எப்பவும் செய்யறதில்லையே? எதுவுமே புரியலைன்னா சி. சார் எப்பவும் சி-லதான் ஒளிச்சு வைப்பாரு."

பத்தி வாத்தியார் தன் சட்டைப் பையை ஏனோ தடவிப் பார்த்துக்கொண்டார்.

படிப்பாளிகள் நான்கு பேர் மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த தாளை ஒரு மனிதர் டீ ஆறுவதற்குள் அவிழ்த்துப் போட்டுவிட்டார் என்றால், அது அந்த மனிதரின் கெட்டிக்காரத்தனம் மட்டுமா, படிப்பாளிகளின் லட்சணமுமா என்பதை நான் சொல்லப் போவதில்லை. ஆனால் அம்மா விவரமானவர். ஆங்கிலமே தெரியாத ஒருவர் பதினாலு வாங்கினால், ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளும் வாங்குவார்கள். தாள் ஓட்டை என்று அர்த்தம். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. எந்தத் தாளும் அச்சுக்குப் போகுமுன் இவர் கைக்குப் போகும்; அளவுகோல் என்ற பெயரும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. ஆறுக்கு மேல் வாங்கினால் தாள் மூன்றாம் அறைக்குத் திரும்பிவிடும். ஆறுக்குள் வாங்கினால் தாள் தேர்ச்சி. பிள்ளைகளுக்கு மார்க் கூடினால் சந்தோஷம். இவருக்கு மார்க் குறைந்தால் ஊரே சந்தோஷம்.

கேட்டுப் பதில் எழுதும் பகுதியையும் விடவில்லை. ஒலிப்பதிவுக்கு ஒரு அம்மணி வந்து படிப்பார். குரல் பஞ்சு மாதிரி இருக்கும். அதைப் போட்டுக் காட்டினார்கள். இவர் பத்துக்கு ஒன்பது வாங்கினார். "அந்தம்மா விடை வர்ற இடத்துக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுக்கறாங்க. மூச்சு வந்த உடனே காதைத் தீட்டிக்கணும், அவ்வளவுதான்" என்றார். பாவம், அம்மணி ஏழு தடவை மறுபடியும் படித்தார். கடைசியில் மூச்சையெல்லாம் கருவியில் வெட்டி எடுத்துவிட்டார்கள்.

இப்படிப் பதினோரு வருஷம். அவர் கண்டுபிடித்த ஓட்டைகளை எல்லாம் தொகுத்து, பதினாலு விதிகளாகத் தட்டச்சு செய்து, மூன்றாம் அறைச் சுவரில் மாட்டினார்கள். நான்கு விடையும் ஒரே நீளம் இருக்க வேண்டும், சி-க்குச் சலுகை கூடாது என்று வரிசையாகப் போகும். வெளியூரிலிருந்து வரும் வாத்தியார்களுக்கு அவரே அதைச் சுட்டிக் காட்டுவார். ஆங்கிலம் தெரியாததை இவ்வளவு கௌரவமாக நடத்திய அலுவலகம் வேறெங்கும் இருந்திருக்காது. அவரும் அந்தக் கௌரவத்தைக் காப்பாற்ற, ஒரு பத்தியையும் படிக்காமல் பத்திரமாக இருந்தார்.

அப்போதுதான் பதிவறை எழுத்தர் ஓய்வு பெற்றார்.

அந்த இடத்தின் மேல் அளவுகோலுக்கு வெகுநாளாக ஒரு கண். சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி, பூட்டு வைத்த மேஜை, யார் மணி அடித்தாலும் எழுந்திருக்க வேண்டாம். பெரிய ஆசை ஒன்றும் இல்லை. இருபது வருஷம் முக்காலியில் உட்கார்ந்தவருக்கு முதுகு சாய ஓர் இடம். ஆனால் உயர்நிலைப் பள்ளி ஆங்கிலத்தில் தேர்ச்சி வேண்டும். நாற்பத்தைந்து வயதுக்குள் வேண்டும். அவருக்கு நாற்பத்து நாலு முடிந்து எட்டு மாதம். ஒரே ஒரு பரீட்சைதான் பாக்கி.

"ப்பூ, இது ஒரு விஷயமா?" என்றார் வீட்டில். "நாங்க வாலிபத்துல எழுதினப்போ பக்கம் பக்கமா எழுதணும், அதான் ஃபெயில். இப்போ எல்லாம் டிக்குதானே? நான் பார்க்காத டிக்கா?"

மனைவி தையற்காரி. வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே பேசக்கூடியவர். "எதுக்கும் அந்தப் பத்தியைப் படிச்சுட்டே எழுதுங்களேன்" என்றார்.

"பத்தியைப் படிச்சா குழப்பிடும்."

விண்ணப்பம் போட்டார். பரீட்சை எழுதுபவர் தாள் தயாராகும் அறைப்பக்கம் தலைகாட்டக் கூடாது என்பது விதி. அவரிடமிருந்த அறைச் சாவிகளை வாங்கிக்கொண்டு, மூன்று மாதத்துக்குக் கீழ்த்தளத்துத் தபால் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா மட்டும் படிக்கட்டில் பார்த்தபோது ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நல்லாப் படிங்க" என்றார். அதில் ஏதோ ஒரு வருத்தம் இருந்தது. அது என்னவென்று இவருக்கு அப்போது விளங்கவில்லை.

பரீட்சை அன்று இஸ்திரி போட்ட சட்டையோடு அறைக்குள் நுழைந்தார். முப்பது பிள்ளைகளும் சடக்கென்று எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். கண்காணிப்பாளர் வந்துவிட்டார் என்று நினைப்பு. இவரும் பழக்கதோஷத்தில் கை காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, கடைசி வரிசைக்குப் போய் முழங்கால் இடிக்க இடிக்கப் பெஞ்சுக்குள் நுழைந்துகொண்டார். பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தன.

முதலில் கேட்டல். பஞ்சுக்குரல் அம்மணி ஆரம்பித்தார். இவர் பழைய ஞாபகத்தில் மூச்சுக்காகக் காத்திருந்தார். மூச்சு வரவில்லை. ஒரு வாக்கியம் போயிற்று, பத்து வாக்கியம் போயிற்று, மனுஷி மூச்சே விடவில்லை. முடிந்தே போய்விட்டது. அளவுகோலுக்கு வியர்த்துவிட்டது.

அவசரமாகப் படித்தல் பகுதியைப் புரட்டினார். முதல் கேள்வி: நாலு விடையும் கத்தரித்து வைத்த மாதிரி ஒரே நீளம். இரண்டாவது: அதே. 'ஆல்வேஸ்' எங்கேயும் இல்லை. ஒரே மாதிரி ஜோடி இல்லை. சி-யைப் பார்த்தார், மற்ற மூன்றைப் போலவே அதுவும் அப்பாவியாக உட்கார்ந்திருந்தது. பக்கத்துக்குப் பக்கம் தேடினார். ஊசி நுழைய இடமில்லை. பதினோரு வருஷமாக ஒவ்வொரு கதவையும் காட்டிக் கொடுத்தவர் அவர். அவர் காட்டிய கதவையெல்லாம் அடைத்துவிட்டார்கள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று அவருக்கு அழுகை வந்தது. நிஜமாகவே வந்தது. பக்கத்துப் பெண் தன் கைக்குட்டையை நீட்டியது. அறைக்குள் பேசக் கூடாதென்று நல்லவேளையாக ஒன்றும் கேட்கவில்லை.

ஒலிப்பதிவை இரண்டாம் முறை போட்டார்கள். இனி மூச்சைப் பிடித்து என்ன ஆகப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சும்மா கேட்டார். யாரோ ஒருத்தன் அக்காவுக்கு ஃபோன் செய்கிறான். செவ்வாய்க்கிழமை வர முடியாதாம், ஷூ நனைந்துவிட்டதாம். ஷூ நனைந்தால் என்ன, வேறு போட்டுக்கொண்டு வரவேண்டியதுதானே என்று இவருக்கு எரிச்சல் வந்தது. அக்காவும் அதையேதான் கேட்டாள். அப்புறம்தான் திடுக்கிட்டார். எரிச்சல் வருமளவுக்குப் புரிந்துவிட்டதே!

வேறு வழியில்லாமல், வாழ்க்கையில் முதல் தடவையாக, பத்தியைப் படித்தார். பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருள்களைக் காக்கும் ஒரு பெண். ஒரு பச்சைக் குடை ஆறு மாதமாகக் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அதைத் தூக்கிப் போட அவளுக்கு மனமில்லை. 'ரிலக்டன்ட்' என்று இருந்தது. அந்த வார்த்தை பிள்ளைகளுக்குத் தெரியுமா தெரியாதா என்று முன்பொரு வருஷத்துத் தாளுக்காக மூன்றாம் அறையில் இரண்டு மத்தியானம் சண்டை நடந்தது. டீ கொடுத்தது இவர். 'அன்க்ளெய்ம்ட்' என்ற வார்த்தைக்கு இன்னொரு வருஷம் வாத்தியார் கோபித்துக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார்; சமாதானம் பேசப் போனதும் இவர். பாதி வார்த்தைகளை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, சண்டையில் பார்த்திருக்கிறார். தெரியாத வார்த்தைகளைத் தெரிந்த வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு தாண்டினார். ஒரு நாள் மழை. ஒருவர் வந்து ஜன்னல் எதிரே நிற்கிறார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அத்தோடு பத்தி முடிந்துவிட்டது.

தாளைத் திருப்பிப் பார்த்தார். கண்காணிப்பாளரைக் கைதட்டிக் கூப்பிட்டார். "சார், மீதிக் கதை எங்கே?"

"மீதியா? கேள்விக்குப் பதில் எழுதுங்க சார். பதினஞ்சு நிமிஷம்தான் இருக்கு."

அந்தப் பதினைந்து நிமிஷத்தில் எழுதினதுதான் எழுதினது. மணி அடித்ததும் வீட்டுக்குப் போகவில்லை. நேரே அலுவலகத்துக்கு ஓடி, மாடி ஏறி, பத்தி வாத்தியாரின் எதிரே மூச்சு வாங்க நின்றார்.

"சார், வந்தது யாரு? குடைக்காரரா?"

வாத்தியாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பேனாவை மூடி வைத்தார். "எத்தனையோ வருஷமா எழுதறேன். லட்சக்கணக்கான பிள்ளைங்க படிச்சிருக்கு. விடை தப்புன்னு புகார் வந்திருக்கு, அச்சு சரியில்லைன்னு வந்திருக்கு. அப்புறம் என்ன ஆச்சுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லை" என்றார்.

"சரி சார், வந்தது யாரு?"

"தெரியலையே. முந்நூத்தம்பது வார்த்தைதான் அனுமதி. முடிஞ்சு போச்சு."

பரீட்சை முடிவு வருமுன்பே துணைத்தேர்வுத் தாள் தயாராகிவிட்டது. விலக்கு முடிந்ததால் வழக்கம்போல் அளவுகோலை மேலே கூப்பிட்டார்கள். தாளைக் கொடுத்தார்கள். வழக்கமாக நாலு நிமிஷம். அன்று நாற்பது நிமிஷம் ஆயிற்று. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். அம்மா திருத்தினார். பதினாறு.

மூன்றாம் அறை அல்லோலகல்லோலப்பட்டது. விடைகளின் நீளத்தை ஸ்கேல் வைத்து அளந்தார்கள். ஏ எத்தனை, பி எத்தனை என்று எண்ணினார்கள். தாள் முன்கூட்டியே வெளியே கசிந்துவிட்டதோ என்று கூட ஒருவர் கிசுகிசுத்தார். சுவரில் இருந்த பதினாலு விதிகளையும் இறக்கி வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். ஓட்டை எதுவும் அகப்படவில்லை. கடைசியில் அம்மா, நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "நீங்களே சொல்லிடுங்க. எதை வெச்சுக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார்.

அவர் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தப்புச் செய்தவர் மாதிரித் தலை குனிந்திருந்தது.

"படிச்சுப் பார்த்தேன்மா."

பத்தி வாத்தியார் எழுந்து வந்து அவர் தோளில் கையை வைத்தார். அம்மா சிரிக்கவும் செய்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். "போச்சு போங்க. இனிமே உங்களை மாதிரி ஒருத்தருக்கு நான் எங்கே போவேன்?" என்றார்.

மூன்று வாரம் கழித்து வந்த முடிவில் ஐம்பத்திரண்டு மார்க். தேர்ச்சி. நாற்காலியும் கிடைத்தது, மேஜையும் கிடைத்தது. மார்க் பட்டியலைக் கோப்பில் சேர்க்கக் கொடுத்துவிட்டார். ஆனால் பதினாறு வாங்கிய அன்றைக்குக் குழுவின் குறிப்பேட்டில் அம்மா தன் கையால் எழுதிய இரண்டு வரியை நகல் எடுத்து, மடக்காமல், அட்டைக்குள் வைத்து, மனைவியிடம் காட்ட எடுத்துப் போனார். அதில் இப்படி இருந்தது: 'சோதனையாளருக்கு ஆங்கிலம் தெரிந்துவிட்டது. இனி இவரைப் பயன்படுத்த இயலாது.'