குன்றிமணி வைத்த கார்டு

கடலூரில் நடந்த, மிருகப் படக் கார்டுகளை மோதவிடும் விளையாட்டுப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் என் எதிரே உட்கார்ந்தவர், சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு பெண். நெற்றியில் விபூதிக் கீற்று, மடியில் லேப்டாப் பை. விஷம் ஏறிய கார்டின் மேல் நாங்களெல்லாம் பிளாஸ்டிக் வில்லை வைப்போம். அவர் ஒரு டப்பாவைத் திறந்து, வில்லைக்குப் பதிலாகக் குன்றிமணிகளை நடுவில் வைத்தார். ஒவ்வொரு சுற்று முடிவிலும் கார்டின் மேல் இருக்கும் மணியை விரல் நுனியால் தொட்டுப் பார்ப்பது அவர் பழக்கம்.

என் பாம்பு அவருடைய டிராகனைக் கடித்திருந்ததால் அதன் மேல் ஒரு குன்றிமணி இருந்தது. குன்றிமணி இருக்கும்வரை சுற்றுக்குப் பத்துப் புள்ளி உயிர் போகும். ஆனால் விஷம் வைத்தவர்தான் ஞாபகமாகக் கழிக்க வேண்டும், மறந்தால் போனதுதான். டிராகனுக்கு மிச்சம் பத்தே புள்ளி; அது செத்தால் ஜெயிப்பது நான். அது இன்னொரு அடி அடித்தால் நான் காலி. அந்தப் பதற்றத்தில் கழிக்க மறந்து, "உங்க ஆட்டம்" என்றேன்.

அவர் குன்றிமணியைத் தொட்டார். பிறகு நிதானமாக டிராகனை எடுத்துச் செத்த கார்டுகளோடு வைத்தார்.

"என்னம்மா பண்றீங்க? நான்தான் மறந்துட்டனே."

"நீங்க மறந்துட்டீங்கண்ணா. அதுக்காக வெசம் எறங்கிடுமா?"

கிளம்பும்போது அந்தக் குன்றிமணியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கோப்பை என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதன் மேல் குன்றிமணியை வைத்திருக்கிறேன். இன்றுவரை எடுக்கவில்லை.