சப்பாத்துக்குள் மறைத்த காயம்

காசின் அருமை தெரிந்து வளரட்டும் என்று, எதை வாங்கினாலும் அதன் விலையை என் ஏழு வயது மகளுக்குச் சொல்லிவிடுவேன். ஒருமுறை அவளுடைய காய்ச்சலுக்குத் தனியார் டொக்டரிடம் கொடுத்த காசையும் பெருமூச்சோடு சொல்லியிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு நொண்டிக்கொண்டு வந்தாள். சப்பாத்தைக் கழற்ற விடவேயில்லை. வற்புறுத்திக் கழற்றினேன். பாதம் வீங்கிச் சிவந்திருந்தது. முந்தின நாளே கறள் பிடித்த பழைய ஆணி குத்தியிருக்கிறது.

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

நொண்டியபடியே சாமியறைக்குப் போனாள். வருசப்பிறப்புக்கு மாமா வெற்றிலையில் வைத்துக் கொடுத்த கைவிசேச நூறு ரூபாயை எடுத்து வந்து நீட்டினாள். செலவழிக்கக் கூடாது என்று நான் பத்திரப்படுத்தச் சொன்ன தாள் அது.

"டொக்டருக்குக் கனக்கக் காசெல்லே அம்மா. இது காணுமோ?"

அவளைத் தூக்கிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். புண்ணைக் கழுவி, விசம் ஏறாமலிருக்க ஏற்பூசி போட்டார்கள். "நல்லவேளை, இண்டைக்கே கொண்டு வந்திட்டியள்" என்றார் தாதி. ஒரு சதமும் வாங்கவில்லை. மகளின் கைக்குள் அந்தத் தாள் கசங்கிக் கிடந்தது.

இப்போதும் அவளுக்கு விலைகளைச் சொல்கிறேன். நேற்று விரலில் ஒரு கீறலோடு ஓடிவந்தாள். இரத்தம்கூட வரவில்லை. மடியில் இருத்தி, ஊதி, பிளாஸ்டர் ஒட்டிவிட்டேன். அதன் விலையை மட்டும் சொல்லவில்லை.