நடுவில் ஸ்டீரிங் வைத்த போட்டு

அந்தப் போட்டைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் ஆத்திரம்தான் வரும். அழுகையெல்லாம் பிறகு. தொண்ணூறுகளின் நடுவில், என் வீட்டுக்காரர் கல்ஃபிலிருந்து லீவுக்கு வந்து, இனிமேல் போகவில்லை என்று சொன்ன வருஷம் அது. கல்யாணம் ஆன நாள் முதல் அவரை லீவு நாட்களில் மட்டுமே பார்த்துப் பழகியவள் நான். வந்த ஆள் வீட்டில் எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்குள் பெட்டி கட்டிக் கயிறு போட்டாகிவிடும். அதனால், போகவில்லை என்று அவர் சொன்னதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. இங்கே என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். போட்டு வாங்கி மீன் பிடிக்கப் போகிறேன் என்றார்.

எங்கள் குடும்பத்தில் கடலுக்குப் போனவர்கள் கிடையாது. எங்கள் ஊரான திருப்புறத்தில் வாழையும் மரச்சீனிக் கிழங்கும் தென்னையும்தான் எங்களுக்குத் தெரியும். கடல் கூப்பிடுதூரத்தில் இருந்தும், மீன் என்பது காலையில் ஒருத்தி தலைச்சுமையாகக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கும் சாமான், அவ்வளவுதான். அவரும் அப்படி வளர்ந்தவரே. ஆனால் கல்ஃபில் போன இடத்தில் ஒரு அரபி, மீன் பிடிப்பதில் பைத்தியம் உள்ளவன், தன் போட்டை ஓட்ட இவரைப் பழக்கிவிட்டான். சாயங்காலமானால் அரபி தூண்டிலோடு முன்னால் போய் நின்றுகொள்வான். இவர் போட்டின் நட்டநடுவில் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்படி நிற்கிற போட்டோ ஒன்று அனுப்பியிருந்தார். கறுப்புக் கண்ணாடி, வெள்ளைச் சட்டை, பின்னால் நுரை. அதை ஷோகேஸில் வைத்திருந்தேன். யார் வந்தாலும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

நம் ஊர் வள்ளத்தில் எஞ்சின் பின்னால் தொங்கும். ஒரு ஆள் அதன் பக்கத்தில் குத்தவைத்துக் கைப்பிடியைப் பிடித்துத் திருப்புவான். அவருக்கு அது பிடிக்காது. நடுவில் ஸ்டீரிங் வைத்தால் நாலு பக்கமும் கண்ணுக்குத் தெரியும், மீன் மாட்டினால் தூண்டில்காரன் போட்டைச் சுற்றி நடந்தே அதை இழுக்கலாம், பாரம் நடுவில் நிற்பதால் அலையில் மூக்கு தூக்காது என்று அடுக்குவார். சோறு தின்னும்போதும் அதே பேச்சு. கேட்டுக் கேட்டு எனக்கே வாய்ப்பாடம் ஆகிவிட்டது. எனக்கு அதன் மூக்கும் தெரியாது வாலும் தெரியாது. இந்தப் போட்டு ஓடினால் இந்த மனுஷன் இங்கே இருப்பார், அது மட்டும் தெரியும். அதற்காக நான் மூக்கைப் பற்றியும் கேட்டேன், வாலைப் பற்றியும் கேட்டேன்.

எங்கள் ஒரே மகளை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு, போட்டு பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டுதான் போனார். அதுவே எனக்குப் பெரிய காரியம். நெய்யாற்றின்கரையில் பஸ் ஏறி, திருவனந்தபுரத்தில் ரயில் பிடித்து, கொச்சிப் பக்கம் போட்டு கட்டுகிற ஒரு யார்டுக்குப் போனோம். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேருமாகப் போன முதல் தூரப் பயணம் அது. நான் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டேன். அங்கே போனால் பிசின் வாடை தலையைப் பிளக்கிறது.

யார்டில் இரண்டு விதம் காட்டினார்கள். ஒன்று, அடி தட்டையான ஃபைபர் வள்ளம். முழங்கால் தண்ணீரிலும் போகும், நாலு பேர் பிடித்தால் கரையில் ஏறிவிடும். இன்னொன்று அவர் கேட்ட மாதிரி, அடி கத்தி போலக் கூர்மையாக, நடுவில் ஸ்டீரிங் மேடையோடு. எனக்குத் தட்டை வள்ளம் போதும் என்று பட்டது, சொல்லவும் செய்தேன். அவர் என்னைத் தனியே கூப்பிட்டு விளக்கினார். தட்டை அடி காயலுக்குச் சரி, கடலில் அலை அதை அறைந்து முதுகெலும்பை ஒடித்துவிடும். கூர் அடி அலையைக் கிழித்துக்கொண்டு போகும். நமக்கு இரண்டு தண்ணீரும் வேண்டும். பொழி அடைத்திருக்கும்போது காயலில் கரிமீனும் திருதை மீனும், பொழி திறந்தால் கடலில் நெய்மீன். அப்போதுதான் வருஷம் முழுக்கத் தொழில் இருக்கும், ஊரிலேயே கிடக்கலாம் என்றார். ஊரிலேயே கிடக்கலாம் என்ற சொல்லுக்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

பொழி என்றால், பூவாறில் நெய்யாறு கடலோடு சேரும் இடம். மழை குறைந்தால் கடல் மணலைக் கொண்டுவந்து அந்த வாயை அடைத்துவிடும், ஆற்றுத் தண்ணீர் உள்ளே காயலாகத் தேங்கி நிற்கும். மேலே மழை பெய்து தண்ணீர் ஏறி, காயலோரத் தோப்புகளுக்குள் நுழைந்தால், ஆட்கள் மண்வெட்டியோடு போய் மணலை வெட்டித் திறந்துவிடுவார்கள். பொழி முறித்தாச்சு என்று எங்கள் பக்கம் செய்தி வரும். எங்களுக்கு அது மீன் விலையை அறிகிற செய்தி மட்டும்தான்.

யார்டுக்காரர், காயலில் எவ்வளவு ஆழம் என்று பார்த்துவிட்டு வரச் சொன்னார். அதை என் வீட்டுக்காரர் விட்டுவிட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு சின்ன வள்ளத்தை வாடகைக்கு எடுத்து, நீள மூங்கிலோடு காயல் முழுக்கச் சுற்றினோம். பொழி அடைத்துக் கிடந்த நாட்கள். தண்ணீர் தளும்பத் தளும்ப நிற்கிறது, தென்னை வேர்களை நக்கிக்கொண்டு. எங்கே குத்தினாலும் மூங்கில் கையளவு மிச்சம் வைத்து உள்ளே போகிறது. ஒவ்வொரு தடவையும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் சந்தோஷம். நிறைந்து கிடந்ததைத்தான் நாங்கள் காயல் என்று நினைத்தோம். வாய் கட்டிய சாக்கை அளந்துவிட்டு வந்தது எங்கள் இரண்டு பேர் தலைக்கும் ஏறவில்லை.

ஊரில் பெரிய காரியம் எதைத் தொடங்கினாலும் முதலில் வீட்டில் ஒரு ஜெபம் வைப்போம். எங்கள் மிஷன் சபையில் பாட்டு தமிழில், பிரசங்கம் மலையாளத்தில். அன்றைக்கும் அப்படியே நடந்தது. ஜெபம் முடிந்து, சாயாவும் பழம்பொரியும் கொடுத்து, யார்டில் தந்த படத்தை எல்லோருக்கும் காட்டினார். ஒவ்வொருத்தரும் படத்தை வாங்கி, தலையைச் சாய்த்துப் பார்த்து, கொள்ளாம் என்றார்கள். நன்றாயிருக்கு என்று அர்த்தம், நன்றாயில்லை என்றாலும் அதேதான் சொல்வார்கள். பூவாறில் காயலோரம் தோப்பு வைத்திருந்த என் பெரியப்பா மகனும் வந்திருந்தார். பிறந்தது முதல் அந்தத் தண்ணீர் ஏறுவதையும் இறங்குவதையும் பார்க்கிற மனுஷன். படத்தை வெகுநேரம் வைத்திருந்தார். அவரும் கொள்ளாம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

போட்டு லாரியில் வந்தது. வெள்ளை நிறம், பக்கத்தில் நீலக் கோடு. காயலில் இறக்கியபோது அது மிதந்த அழகைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை. பொழி திறக்கிற வரைக்கும் காயலில் ஓட்டினார். நானும் மகளும் முன்னால் உட்காருவோம், அவர் நடுவில் நிற்பார். கரிமீன் கிடைத்தது, பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் கிடைத்தது. சாயங்காலம் மூன்று பேருமாக வீட்டுக்கு நடந்து வருவோம். வழியில் யாராவது, என்ன அண்ணே திரும்பிப் போகவில்லையா என்று கேட்டால், எனக்குப் போட்டு உண்டு என்பார். என் வாழ்க்கையில் நல்ல நாட்கள் என்று இருந்தால் அவைதான். கடவுள் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

மழை பிடித்தது. தோப்புகளில் தண்ணீர் ஏறியது. பொழியை முறிக்கப் போகிறார்கள் என்றதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடலுக்குப் போகிற நாள் வந்துவிட்டதல்லவா. தூண்டில், கயிறு, ஐஸ் பெட்டி எல்லாம் தயார். மணலை வெட்டியதும் ஆறு முழுக்கக் கடலுக்குப் பாய்ந்தது. கரையில் நின்றவர்கள் கூவினார்கள். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் காயலைக் காணோம். சேறு கிடக்கிறது, நடுவில் ஒரு ஓடை போகிறது. எங்கள் போட்டு கட்டிய இடத்திலேயே ஒரு பக்கமாகச் சரிந்து, அதன் கூர் அடியைக் காட்டிக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் தட்டை வள்ளங்கள் ஒவ்வொன்றாக அந்த ஓடை வழியாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன.

அவர் சும்மா இருந்தார் என்று நினைக்க வேண்டாம். கடல் ஏறும் நேரம் பார்த்து, ஆட்களை வைத்துத் தள்ளி, ஒரு தடவை பொழிவாய் வரைக்கும் கொண்டுபோனார். அங்கே எஞ்சினின் விசிறி மணலில் அடித்து ஒடிந்தது. கயிறு கட்டித் திரும்ப இழுத்துவந்தார்கள். கடற்கரையிலேயே வைக்கலாம் என்றால், தினமும் மணலில் இழுத்து ஏற்ற வேண்டும். கூர் அடி மணலைத் தோண்டிக்கொண்டு உட்காருமே தவிர ஏறாது. விழிஞ்ஞம் துறைமுகத்தில் கொண்டுபோய்க் கட்டலாம் என்றாலும் முதலில் அது வெளியே போக வேண்டுமே. புது விசிறி வருவதற்குள் கடல் மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிட்டது. காயல் மறுபடி நிறைந்தது. போட்டு மறுபடி அழகாக மிதந்தது. தண்ணீர் இருந்தால் வழி இல்லை, வழி இருந்தால் தண்ணீர் இல்லை. அடுத்த மழையிலும் அதே கதைதான்.

அதன் பிறகு கொள்ளாம் சொன்னவர்களின் வாய் எல்லாம் திறந்தது. அப்பமே நெனச்சேன் என்பார்கள். கடைத்தெருவில், சபை வாசலில், கல்யாண வீட்டில், எங்கே போனாலும் அப்பமே நெனச்சவர்கள். என் பெரியப்பா மகனும் அதையே சொன்னபோது எனக்குப் பொறுக்கவில்லை.

“நெனச்சத வாயில வச்சு அண்ணன் என்ன செய்தியளோ? ஒரு வாக்கு சொன்னா நாக்கு தேஞ்சா போவும்?” என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. “ஜெபம் கழிஞ்ச காரியமாக்கும் மக்கா. அதுக்கு எதிர்வாக்கு நான் எப்பிடி சொல்லுவேன்? நாளைக்கு ஏதாவது ஒண்ணு வந்தா, இவன் நாக்குதான்னு சொல்ல மாட்டியளா?” என்றார்.

சொல்லியிருப்போம். அதுதான் உண்மை. எங்கள் ஊரில் தொடங்குகிற காரியத்துக்கு எதிர் சொன்னவன்தான், பிறகு அது கெட்டுப்போவதற்கும் காரணம். அதனால் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். கெட்டுப்போகிற வரைக்கும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதைப் புரிந்துகொண்டதால் என் ஆத்திரம் தணியவில்லை. யார் மேலே காட்டுவது என்றுதான் தெரியாமல் போயிற்று.

அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். காயலுக்குப் போவதும் நின்றது. ஷேவ் செய்யமாட்டார், சபைக்கு வரமாட்டார், மகள் கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புவார். நான் ராப்பகலாக யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு நாள் கஞ்சி குடித்து முடித்த நேரம் பார்த்து மெதுவாகச் சொன்னேன். இதை வந்த விலைக்குக் கொடுத்துவிடுவோம். அந்தத் தட்டை வள்ளம் ஒன்று வாங்குவோம். கடல் வேண்டாம், காயல் மட்டும் போதும். கரிமீன் கிடைத்த மட்டும் கிடைக்கட்டும். வாழை இருக்கிறது, தென்னை இருக்கிறது, பட்டினி கிடக்க மாட்டோம். நாம் மூன்று பேரும் சேர்ந்து இருந்தால் போதாதா என்று கேட்டேன்.

அவர் வெகுநேரம் என்னைப் பார்த்தார். இப்படி ஒரு யோசனை எனக்கு வந்ததே என்று பாராட்டப் போகிறார் என்று, வெட்கம் கெட்டவள், நான் நினைத்தேன்.

“பின்னால குத்தவச்சிருந்து கைப்பிடி பிடிக்கதுக்கா நான் இங்க கெடக்கணும்?” என்றார்.

அவ்வளவுதான். எழுந்து கை கழுவப் போய்விட்டார். நான் அந்தக் கஞ்சிப் பாத்திரத்தின் முன்னால் உட்கார்ந்தே இருந்தேன். எங்களோடு இருப்பதற்காகப் போட்டு வாங்குகிறார் என்று நினைத்துத்தான் நான் கொச்சி வரைக்கும் நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். அவர் போட்டில் நிற்பதற்காகத்தான் எங்களோடு இருந்தார். அது நடக்காமல் போனதும் எங்களோடு இருக்க அவருக்கு வேறு காரியம் ஒன்றும் இல்லை. அதில் வஞ்சகம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். பாவம், அவருக்கே அது அப்போதுதான் தெரிந்திருக்கும்.

அரபிக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். விசா வந்தது. போகிற அன்று காலையில் அவர் ஷேவ் செய்துகொண்டே சீட்டியடித்தார். போட்டைத் தென்னைகளுக்கிடையே ஏற்றி ஓலையால் மூடிவிட்டுப் போனார். யாராவது கேட்டால் கொடுத்துவிடு என்றார். ஒருத்தர் இரண்டு பேர் வந்து ஓலையை விலக்கிப் பார்த்தார்கள். கொள்ளாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்த வீட்டில்தான் போன் இருந்தது. போய்ச் சேர்ந்து கொஞ்ச நாள் கழித்து அவர் கூப்பிட்டார் என்று ஆள் வந்து சொன்னதும், அடுப்பில் இருந்ததை இறக்கக்கூட நில்லாமல் ஓடினேன். மகளுக்குப் பல் விழுந்ததைச் சொன்னேன். வாழை குலை தள்ளியதைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் உம் கொட்டினார். அடுத்த லீவு எப்போது, எப்ப வாறீங்க என்று கேட்டேன். அதை விட்டுவிட்டு, அரபி பழைய போட்டைக் கொடுத்துவிட்டுப் பெரிதாகப் புதியது வாங்கப் போகிறான் என்றார். எந்தப் போட்டு எடுக்கணும் என்று தன்னையே போய்ப் பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறான் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் கல்யாண மாப்பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. என்னிடம் ஒரு நாளும் அவர் அந்தக் குரலில் பேசியதில்லை. நல்லதாப் பாத்து எடுங்க என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.