மலைக்குத் தெரிய வேண்டிய வெள்ளைத் துவாய்

வெள்ளைத் துவாயை இரண்டு உதறு உதறிக் கொடியில் விரித்து, மூலைக்கொரு கிளிப் குத்தி, ஒரு தடவை இழுத்தும் பார்க்கிறார் விஜயலெட்சுமி அக்கா. காலை ஏழரை மணி. பிள்ளைகள் எல்லாம் வந்தாயிற்று, யாருக்கும் சுகக்கேடு இல்லை என்று அதற்கு அர்த்தம். எதிர் மலையில் நிற்கிற தாய்மார் நாங்கள் அதைக் கண்ட பிறகுதான் செடியில் கை வைப்போம்.

லுணுகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் அவர்தான் ஆயம்மா. பலகையில் இப்போது வேறு ஏதோ நீளமான பெயர் எழுதியிருக்கிறார்கள். எங்கள் வாயில் அது பிள்ளைக்காம்பராதான். ஆறு வருடம் மாரியம்மனை நேர்ந்து பெற்ற என் கடைக்குட்டி லக்ஷனாவும் அங்கேதான் இருக்கிறாள்.

மலையில் போனுக்கு சிக்னல் கிடையாது. அதனால் பதினொரு வருடத்துக்கு முன்னால் துவாய் ஏற்பாட்டை அக்காவே செய்தார். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வெள்ளையை எடுத்துவிட்டுச் சிவப்புத் துண்டு போடுவார். பக்கத்தில் அந்தப் பிள்ளையின் சட்டையும் தொங்கும். சட்டையை அடையாளம் கண்ட தாய் மட்டும் இறங்கி ஓடுவாள். பாதியில் மலையை விட்டால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். வீணாக ஒருத்தியையும் இறக்கிவிடக்கூடாது என்பதில் அக்கா கண்டிப்பானவர்.

ஒவ்வொரு பால் போத்தலையும் மூடி திறந்து மோந்து பார்ப்பார். பையன்கள் எல்லோரும் அவருக்குத் தொரைமார். "என்னாங்க பெரியதொரை, மூக்கு வடியுது?" என்று மரியாதையாகக் கேட்டுத் துடைத்துவிடுவார். அழுகிற பிள்ளையை விட்டுவிட்டு அம்மா ஓடப்பார்த்தால் மட்டும் கோபம் வரும். "அந்த அழுக ஒன் கூடவே மலைக்கு வரும். ரெண்டு நிமிசம் நில்லுடி."

"ஒக்காந்த எடத்துல சம்பளம் ஒங்களுக்கு" என்று என்னோடு கொழுந்து எடுக்கிற தயானி சீண்டுவாள். அவளுடைய மகன் துஷாந்த் அங்கே பெரிய சண்டைக்காரன்.

"வாடி, ஒரு நாளு நீ வந்து ஒக்காரு. ஒம்மவன் ஒக்கார வுடுறானான்னு பாப்போம்."

போன மாதம் பதுளையிலிருந்து ஆட்கள் பிள்ளைக்காம்பராவைப் பார்க்க வந்தார்கள். தோட்டத்தில் தொழிலாளர் நலன் பார்க்கிற வெல்பெயார் ஐயா முன்னாலேயே வந்து, "கொடியில துணி தொங்குனா போட்டோவுல அசிங்கமா இருக்கும், எடுத்துருங்க" என்றாராம். சிவப்புப் போட்டால்தானே பயப்படுவார்கள், ஒன்றும் இல்லாவிட்டால் அவர்கள் பாட்டுக்குக் கொழுந்து எடுப்பார்கள் என்று நினைத்து, அக்காவும் காலையில் போட்ட துவாயை மடித்து உள்ளே வைத்துவிட்டார்.

பத்து மணி போலத் தயானிதான் கண்டு என் தோளை உலுக்கினாள். "அக்கா, கொடிய பாருங்க. ஒண்ணுமே இல்ல!"

சிவப்பைக் கண்டால் யாருடைய பிள்ளை என்றாவது தெரியும். வெறுங்கொடியைப் பதினொரு வருடத்தில் யாருமே பார்த்ததில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏதோ நடந்துவிட்டது. "தாயே, மாரியம்மா" என்றதுதான் எனக்குத் தெரியும். அந்த மலையில் நின்ற தாய்மார் ஆறு பேரும் கூடையைப் போட்டுவிட்டு இறங்கினோம். "எறங்குன எல்லாத்துக்கும் அரைப்பேர்தான்!" என்று கங்காணி தினேஸ் பின்னால் கத்தினார். யார் காதில் விழுந்தது?

சேறும் மூச்சிரைப்புமாக உள்ளே விழுந்தால், பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறார்கள். "ஏம்மா ஓடியாந்த?" என்று லக்ஷனா இரண்டு கையிலும் பிஸ்கட்டோடு கேட்டாள். வந்திருந்தவர்கள் எங்கள் காலைப் பார்த்தார்கள். வெல்பெயார் ஐயாவின் முகம் கறுத்துவிட்டது. "யார் ஒங்கள வரச்சொன்னது?"

அக்கா குறுக்கே வந்து நின்றார். "அவங்கள ஏசாதீங்க ஐயா. தப்பு என்னுது. தொவாய நான் எடுத்திருக்கக்கூடாது." பிறகு வெள்ளை என்றால் என்ன, சிவப்பு என்றால் என்ன என்று நிதானமாகச் சொன்னார். பதுளையிலிருந்து வந்திருந்த அம்மா ஒருவர் எழுந்துபோய், ஜன்னல் வழியாக வெறுங்கொடியையும் எதிர் மலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஐயா அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "சரி, மலைக்குப் போங்க. அரைப்பேர் போடவேணாமுன்னு தினேஸ்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

திரும்பியபோது அக்கா தயானியின் கையைப் பிடித்தார். "ரெண்டு நிமிசம் நில்லுடி."

"துஷாந்த் அழலையேக்கா."

"அவனையா சொன்னேன்? ஒன் கண்ண தொடச்சிட்டுப் போ."

மலையேறி வந்து கூடையை எடுத்துத் திரும்பிப் பார்த்தோம். வெள்ளைத் துவாய் மறுபடியும் கொடிக்கு வந்திருந்தது. துவாய்க்கு முன்னால் பதுளைக்காரர்களும் வெல்பெயார் ஐயாவும் போட்டோவுக்கு வரிசையாக நின்றார்கள். அக்கா வந்தார், மலைப்பக்கம் ஒரு தரம் பார்த்தார், வெல்பெயார் ஐயாவின் முழங்கையைப் பிடித்து இரண்டடி தள்ளி நிறுத்தினார். துவாய் எங்களுக்கு முழுசாகத் தெரிந்தது.