இருட்டு கேட்டு ஒரு மனு

பொதுமக்கள் மனுவுக்கு ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. பணிக்காலம் முழுவதும் அந்த விதியைக் காட்டிப் பிறரை விரட்டியவன் நான். ஆகவே நம்பினேன்.

செங்கல்பட்டுக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய எங்கள் மனைப்பிரிவில் போன வருடம் தொடங்கியது இது. ஓய்வு பெற்றதும் வீட்டுத் தோட்டத்தில் மின்மினிகளை வரவழைக்க முனைந்தேன். பூச்சிமருந்தை நிறுத்தினேன். சருகைக் கூட்டாமல் ஒரு மூலையில் மக்கவிட்டு, மண் காயாமல் பார்த்துக்கொண்டேன். மின்மினியின் புழுக்களுக்கு இரையாக நத்தைகள் வேண்டும் என்பதால் அவற்றையும் விட்டுவைத்தேன். "ஆதார் கார்டு இல்லாத பூச்சியை உள்ளேயே விடமாட்டீங்களே!" என்றாள் மனைவி. முதல் மழைக்கு நாலைந்து மின்மினிகள் வந்தன. அன்று நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

மறுவாரமே வாசலில் புது எல்.இ.டி. தெருவிளக்கு போட்டார்கள். பாதி வெளிச்சம் ரோட்டுக்கு, பாதி என் தோட்டத்துக்கு. மின்மினிகள் காணாமல் போயின. விளக்குக்கு ஒரு மறைப்பு பொருத்தும்படி மனு எழுதி, ஒப்புகைச் சீட்டும் வாங்கிவந்தேன்.

விஷயம் தெரிந்து பக்கத்து வீட்டு அம்மா கேட்டுக்கு வந்துவிட்டார்.

"இன்னா சார், ஊரே லைட்டு கேட்டுகினு கீது, நீ இன்னாடான்னா இருட்டு கேக்குற? எம் பொண்ணு கம்பெனி பஸ்ஸுல இருந்து எறங்கி வர்ற வழி சார் இது!"

நியாயமான கேள்வி. அவர் மகளுக்கு சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் தொழிற்சாலையில் வேலை.

"லைட்டைக் கழட்டச் சொல்லலம்மா. ரோட்டுல மட்டும் விழட்டும், என் செடி மேல வேணாம்னுதான் கேக்கறேன்."

"அதுக்கு எதுக்கு சார் மனு? எங்கண்ணன் கடப்பாக்கத்துல மீன் புடிக்கிற போட்டு வெச்சிகீறான். பழைய வலை கீது, கட்டி கொடி ஏத்திவுட்டா மறைச்சிக்கும், எடுத்தாரச் சொல்லவா?"

கம்பத்தைத் தொட நமக்கு அதிகாரம் இல்லை. என் மனைக்குள் கொடி படரவிட யார் அனுமதியும் வேண்டாம். இந்த விதி எனக்கும் தெரியும், மனு எழுதும் வேகத்தில் தோன்றவில்லை. மதிலுக்கு உள்பக்கம் மூங்கில் கழிகளை நட்டு, அந்த மீன்வலையைக் கட்டிக் கோவைக்கொடியை ஏற்றினேன். மழையில் அது அடர்ந்து படர்ந்தது. ரோட்டில் வெளிச்சம் குறையவில்லை. தோட்டம் மட்டும் இருண்டது.

இந்த வருட மழைக்கு மின்மினிகள் வந்தன. நாலைந்து அல்ல, மூலை முழுக்க. ஒருநாள் மாலை பக்கத்து வீட்டுப் பெண் பஸ் தோழிகளையும் இறக்கிக் கூட்டிவந்தாள். "நான் சொன்னா நம்பலல்ல? எங்க தெருவுலதான்டீ கீது!" என்று அவள் அதட்டியதை, அலுவலகத்தில் வாங்கிய எந்தப் பாராட்டுக் குறிப்பையும்விடப் பெரிதாக வைத்திருக்கிறேன்.

பிறகு பதிலும் வந்தது. விளக்கு எரியவில்லை என்ற என் புகார் நேரில் ஆய்வு செய்யப்பட்டதாம், விளக்கு நன்றாகவே எரிகிறதாம், மனு முடித்துவைக்கப்படுகிறதாம். எனக்குக் கோபம் வரவில்லை. ஒருவன் இருட்டையும் கேட்பான் என்பது வேலையில் இருந்தவரை எனக்கும்தான் தோன்றியதில்லை. கடிதம் கைக்கு வந்தது கார்த்திகை தீபத்துக்கு முதல் நாள்.