லாரி வரிசையில் ஓர் இளவரசன்

செம்பனை எண்ணெய் ஆலை வாசலில் லாரி வரிசை நகராமல் நின்றால் மற்ற ஓட்டுநர்கள் ஹாரன் அடிப்பார்கள். புனிதன் இன்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இருக்கைக்கு அடியிலிருந்து இளவரசனை எடுப்பார்.

ஐம்பத்து நான்கு வயது. முன்கை முழுக்கச் செம்பனைக் குலைகளின் முள் கிழித்த தழும்புகள். கைப்பிடி வைத்தது போன்ற மீசை. புத்தகத்தின் அட்டையில் ரோஜா நிறக் கவுன் அணிந்த பெண் நின்றதால் நாளிதழைக் கிழித்து உறை போட்டிருந்தார். அவள் முகத்துக்கு நேராக இப்போது டயர் விளம்பரம்.

புத்தகம் என் தங்கையுடையது. அவள் இறந்துபோன பிறகு அவளுடைய புத்தகங்களைப் பெட்டியில் போட்டு, ஆலையில் லாரிகளை நிறுக்கும், நான் வேலை பார்க்கும் எடை மேடை அறையில் வைத்தேன், வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று. மூன்று வாரம் ஒருவரும் தொடவில்லை. புனிதன் வந்து, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கத் தடிமனான புத்தகமாக ஒன்று கேட்டார். முட்டுக் கொடுப்பதற்கு முன் முதல் பக்கத்தைப் படித்ததுதான் அவர் செய்த தவறு.

அவருடையது பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை படித்த ஆங்கிலம். தெரியாத சொல்லுக்குக் கைப்பேசி. கதையில், போரில் அழிந்து மதில்களால் பிரிக்கப்பட்ட ஒரு நாடு. அதன் இளவரசனுக்கு மனைவி வேண்டும். இருபத்து நான்கு பகுதிகளிலிருந்து இருபத்து நான்கு பெண்கள் அரண்மனைக்கு வருகிறார்கள். வாரம் ஒருத்தி வீட்டுக்குப் போகிறாள். உப்பளப் பகுதியிலிருந்து வந்தவள் நெல்டா. புனிதன் நெல்டா கட்சி.

"நம்ம நெகிரி மாநிலத்துல ராஜாவையே நாலு தலைவருங்க உக்காந்து பேசி எடுத்துர்றாங்க. இவனுக்கு ஒரு பொண்ணு எடுக்க இருபத்து நாலு கேக்குதா?" என்பார், ஏதோ இளவரசன் பக்கத்து லாரியில் இருப்பதைப் போல. சமையல் சோதனை வந்த வாரம் ரொம்பவே கொதித்துப் போனார். "கத்திய எப்படிப் புடிக்கிறான்னு மார்க்கு போடுறாங்கம்மா! அந்தப் பய ஒரு முட்ட பொரிச்சிருப்பானா?"

வாசலில் கடை போட்டிருக்கும் உசைர் தினமும் சீண்டுவான். "மாமா, உங்க மருமகப்புள்ள இன்னிக்கி யார வீட்டுக்கு அனுப்புனாரு?" கேலியாகத்தான் தொடங்கினான். பத்தாவது பெண் போன அன்று, கல்லில் ரொட்டி சானாய் கருகுவதைக்கூடக் கவனிக்காமல் கதை கேட்டுக்கொண்டிருந்தான்.

கடைசி அத்தியாயத்தில் வண்டி நின்றுவிட்டது. மூன்று பெண்கள் மிச்சம். ஒன்பது நாளாகப் புனிதன் புத்தகத்தைத் திறக்கவில்லை.

"கடசிப் பக்கத்தப் பாத்துட வேண்டியதுதானே லா," என்றான் உசைர்.

"நீ பொத்து. டீய ஆத்து."

காரணத்தை எடைச் சீட்டு வாங்கும்போது என்னிடம் மட்டும் சொன்னார். அவருடைய மகள் ஷாமினி சிரம்பானில் ஒரு கிளினிக்கில் தாதி. இரண்டு வாரம் முன்பு கெமாசிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். வடையும் கேசரியும் இரண்டு தட்டு சாப்பிட்டார்கள். "சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்பிப் போனார்கள். அவர்கள் ஏறி இறங்கிய ஐந்தாவது வீடு இது என்று பிறகுதான் தெரிந்தது.

"நெல்டா ஜெயிச்சுட்டா அவங்களும் சரின்னுருவாங்கம்மா. அவ தோத்துட்டான்னு வையி..." என்றவர், சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு, தங்கைக்காக விளக்குப் போட வந்திருந்தேன். எனக்கு முன்னால் புனிதன், பக்கத்தில் ஷாமினி. தட்டில் தேங்காய், பழம், அர்ச்சனைச் சீட்டு.

"பேரு?" என்றார் குருக்கள்.

"நெல்டா."

"என்னது?"

"நெல்டா, சாமி. வெள்ளக்காரப் புள்ள."

"நட்சத்திரம்?"

புனிதன் தலையைச் சொறிந்தார். "பதினேழாவது அத்தியாயத்துல பொறந்தநாள் வருது சாமி. பனி கொட்டுதுன்னு போட்டிருக்கு. அப்ப என்னா நட்சத்திரமா இருக்கும்?"

"அப்பா! மானத்த வாங்காதீங்க லா," என்றாள் ஷாமினி. சிரிப்பை அடக்கியதில் அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"தெரியலைன்னா அம்பாள் பேர்லயே பண்ணிடலாம்," என்றார் குருக்கள்.

"அது எப்படி சாமி? யாருக்குன்னு ஆத்தாளுக்குத் தெரிய வேணாமா?"

ஷாமினி தட்டைச் சரிசெய்தபடி கேட்டாள். "அது கெடக்கட்டும்ப்பா. அவளுக்கு அவனப் புடிச்சிருக்கா?"

"புடிக்காம இருக்குமா? அரமனைம்மா அது."

"அரமனையப் புடிக்கும். அவன?"

புனிதன் முந்நூற்றெண்பது பக்கம் படித்தவர். பதில் ஏதோ ஒரு பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது போலக் கூரையைப் பார்த்தார்.

அப்போது சட்டைப் பையில் கைப்பேசி அடித்தது. திரையில் 'கெமாஸ் வீடு'. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வேட்டியை ஒருமுறை இழுத்துக் கட்டினார். குருக்கள் மணியைக் கையில் தூக்கியபடியே காத்திருந்தார். பச்சைப் பொத்தான் வரை போன கட்டைவிரல் அங்கேயே நின்றது. பிறகு கைப்பேசியை வேட்டியில் நன்றாகத் துடைத்து, அது அடித்துக்கொண்டிருக்கும்போதே ஷாமினியிடம் நீட்டினார்.