நாலு நிமிஷ சங்கர்

எங்கள் அடுக்ககத்தில் மூன்று சங்கர்கள் இருந்தார்கள். வண்டி நிறுத்தும் இடத்துக்காகத் தினமும் சண்டை போடுகிறவர் பார்க்கிங் சங்கர். மொட்டை மாடியில் தண்டால் எடுக்கிறவர் ஜிம் சங்கர். மூன்றாமவர் நாலு நிமிஷ சங்கர். மூன்று பெயரையும் வைத்தது நான்தான். என் பெயர் கனகவல்லி, சொந்த ஊர் மதுரை, ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் கலைக்குழுச் செயலாளர் பதவியும் என்னிடம் இருந்தது. யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். எனக்கு அவர்கள் என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று இதுவரை விசாரித்ததில்லை.

நாலு நிமிஷ சங்கர் ஈரோட்டுக்காரர். மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதியவரின் மகன். கோயமுத்தூரில் படித்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஹைதராபாத்துக்கு ரயில் ஏறிய காலத்தில் அவரும் ஏறினார். கச்சிபௌலியில் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் வேலை. அடுத்தவர் எழுதிய ப்ரோகிராமில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லவேண்டும். "இதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா? எங்க ஸ்டாஃப் ரூம்ல இதை நாங்க சும்மாவே செய்வோமே" என்று ஒருமுறை கேட்டேன். சிரித்தார். அந்த மனிதருக்குச் சிரிக்கத்தான் வரும், பதில் வராது.

இன்னொன்றும் வராது. சங்கீதம். வயலினோ வீணையோ எதைக் கேட்டாலும் நாலு நிமிஷத்தில் தலை தொங்கிவிடும். அவருடைய கல்யாண வரவேற்பில் கச்சேரி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை நாற்காலியிலேயே வாயைத் திறந்துகொண்டு தூங்கியது ஆல்பத்தில் பெரிய சைஸில் இருக்கிறது. இத்தனைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மணப்பெண் ஷோபா, திருச்சி வானொலியில் வயலின் வாசித்தவள். கடவுள் ஜோடி சேர்க்கும்போது கொஞ்சம் விளையாடவும் செய்வார் போலிருக்கிறது.

2010 மழைக்காலத்தில் ஒருநாள் பள்ளிக்கு லீவு. சமையலறையில் நின்றபோது பின்பக்க ஜன்னல் வழியாக வயலின் சத்தம் வந்தது. ரேடியோ என்றுதான் முதலில் நினைத்தேன். நடுவில் நின்று, அதே இடத்தை மறுபடி மறுபடி வாசித்ததும்தான் யாரோ சாதகம் செய்கிறார்கள் என்று புரிந்தது. கரண்டியை அப்படியே வைத்துவிட்டு மேல்மாடிக்கு ஓடினேன். கதவைத் திறந்த ஷோபாவின் கையில் வில் இருந்தது.

"சத்தம் தொந்தரவா இருக்காக்கா?" என்று கேட்டாள்.

"தொந்தரவா? ஏம்மா, இப்படி ஒரு ஆளை வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு வருஷா வருஷம் பொங்கலுக்கு நான் மிமிக்ரிக்காரனைத் தேடி அலையறேன். வர்ற பொங்கலுக்கு நீதான் வாசிக்கிற" என்றேன். செயலாளர் உத்தரவு.

அவள் முகம் இருண்டுவிட்டது. உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்துச் சொன்னாள். கல்யாணமாகி வந்த புதிதில் திருமுல்கேரி பக்கம் ஒரு காலனி விழாவில் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். பாதி வாசிக்கும்போது முன்வரிசையில் இருந்து கைதட்ட ஆரம்பித்தார்கள். ரசிக்கிறார்கள் என்று இவள் இன்னும் உற்சாகமாக வாசித்திருக்கிறாள். கைதட்டல் நிற்கவே இல்லை. கடைசியில் ஒருவர் மைக்கைப் பிடுங்கி, அடுத்தது குலுக்கல் பரிசு என்று அறிவித்தார். எழுந்துகொள் என்பதற்குத்தான் அத்தனை தட்டலும்.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்து அழுதேன்க்கா. அதுலேர்ந்து அவர் ஆபீஸ் போனப்புறம் கதவைச் சாத்திட்டு எனக்காக மட்டும் வாசிக்கிறேன். இது போதும்."

யார் அந்தக் கைதட்டிகள் என்று விலாசம் கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள், ஆனால் சம்மதிக்கவில்லை.

அன்று மாலை சங்கரே என் வீட்டுக்கு வந்தார். வழக்கமான சிரிப்பு இல்லை. "அக்கா, ஜனங்க மேல தப்பில்லீங்க்கா. பழக்கமில்லாததைத் திடீர்னு கொண்டுபோய் முன்னாடி வச்சா யாரும் எந்திரிச்சுதான் போவாங்க. எங்க கம்பெனியில எதையும் முன்கூட்டிக் குடுத்துப் பழக்காம வெளிய விட மாட்டோமுங்க. பொங்கலுக்கு இன்னும் நாலஞ்சு மாசம் இருக்குது. இங்க இருக்கிற குடும்பங்களுக்கு வயலின் கேட்கப் பழக்கிப்போடலாமுங்க." அந்த மனிதர் அவ்வளவு நீளமாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

ஷோபா ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டாள். கடைசிவரை உட்கார்ந்து கேட்டால் தொடர்ந்து வாசிப்பாள். மறுபடியும் பாதியில் எழுப்பினால், வயலின் பரணுக்குப் போய்விடும், அதன்பிறகு யாரும் அவளைக் கேட்கக்கூடாது. அவள் குரல் உயராமல் அதைச் சொன்னதால் எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வீடு கொடுக்கப்போகும் சி.டி.க்கான பாட்டுப் பட்டியலை முதலில் ஷோபாதான் தயாரித்தாள். அங்கேயே கோட்டை விட்டோம். புதிதாகக் கற்பவர்கள் எந்த வரிசையில் கற்பார்களோ அதே வரிசையில் புதிதாகக் கேட்பவர்களும் கேட்கவேண்டும் என்று அவள் நினைத்தாள். பாட்டு வகுப்பில் எல்லோருக்கும் முதல் ராகம் மாயாமாளவகௌளை. ஆகவே முதல் சி.டி. முழுக்க மாயாமாளவகௌளை. பெரிய வித்வான்கள் நிதானமாக, நீளமாக வாசித்தவை. வீட்டில் போட்டேன். என் கணவர் அருணாசலம் பேப்பரை மடித்துவிட்டு, "உனக்குப் பல்வலியா?" என்று கேட்டார். எட்டு வயது மகள் வர்ஷினி பொம்மையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கே போய்விட்டாள். ஒவ்வொரு வீட்டிலும் ஏறக்குறைய இதே கதை. கணக்கு டீச்சருக்காவது தெரிந்திருக்கவேண்டாமா, பெருக்கல் வாய்ப்பாட்டை யாரும் ஆசைக்காகப் படிப்பதில்லை என்று?

சங்கர் அந்த சி.டி.யை வாங்கி மேசைமேல் வைத்தார். "இதை நான் பார்த்துக்கிறேன் ஷோபா" என்றார்.

"உங்களுக்கு ராகமே தெரியாதே!"

"அதனாலதான் சொல்றேன். எனக்கே தூக்கம் வரலைன்னா வேற யாருக்கும் வராது."

அவள் தன் சி.டி. பெட்டியை அப்படியே அவரிடம் கொடுத்துவிட்டாள்.

ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து கச்சிபௌலிக்குக் கம்பெனி பஸ்ஸில் போவதென்றால் ஊரையே குறுக்கே கடக்கவேண்டும். போக்குவரத்து நெரிசலில் பாதிப் பிறவி பஸ்ஸிலேயே கழியும். அந்த நேரத்தில் ஷோபா வைத்திருந்த அத்தனை சி.டி.யையும் இயர்ஃபோனில் கேட்டார். பக்கத்து சீட்டில் இரண்டாம் மாடி ஃபெலிக்ஸ். தூத்துக்குடிக்காரர், சர்ச் பாடகர் குழுவில் இருப்பவர். இவர் தலை சாய்ந்தால் உடனே உலுக்கி, எந்த இடம் என்று குறித்துக்கொள்வது அவர் பொறுப்பு. "தூங்க விடாம எழுப்பறதுக்கு எனக்கு ஒரு டீயாவது வாங்கித் தரணும் பாத்துக்கிடுங்க" என்று ஃபெலிக்ஸ் புலம்புவார். ஆனால் அவரே தன் வீட்டிலிருந்து மேற்கத்திய வயலின் சி.டி. இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். சங்கர் அதில் ஒரு சின்னப் பாட்டைத் தூங்காமல் கேட்டார். ஷோபா முகம் சுளிப்பாள் என்று எதிர்பார்த்தேன். "இதுவும் வயலின்தானே, சேருங்க" என்றாள்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டியல் உருவானது. இரண்டு வயலின்கள் கேள்வி பதில் மாதிரி வாசிப்பது முதலில். பிறகு ஃபெலிக்ஸ் கொடுத்தது. அதன்பின் துள்ளி ஓடுகிற மோகனம். கொஞ்சம் சோகமானது நடுவில். சோகத்தை முதலில் வைத்தால் வீட்டுக்காரர்கள் டி.வி. பக்கம் போய்விடுகிறார்கள் என்று கண்டுபிடித்திருந்தார். எதிர்வீட்டு நஸ்ரின் தன் மகனுக்குச் சோறு ஊட்டும்போது போட்டுப் பார்த்துவிட்டு வந்து, "மூணாவது பாட்டுக்கு முழுத் தட்டும் சாப்பிட்டுட்டான்க்கா! அதையே திருப்பித் திருப்பிப் போடச் சொல்லி உசிரை எடுக்கிறான்" என்றாள். அந்த மூன்றாவது பாட்டு உடனே முதல் இடத்துக்குப் போனது. பந்த் நாட்களில் பஸ் ஓடாது, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். அப்போது மாடிப்படி ஏறினால் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் வயலின் கேட்கும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏதோ நானே வாசிப்பது போல.

ஆனால் ஒரு காரியம் செய்திருந்தார் மனிதர். நாலு நிமிஷத்துக்குமேல் அவராலேயே தாங்க முடியாதே. எனவே எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டு வெட்டிவிட்டார். கண்ட இடத்தில் வெட்டவில்லை, நாசூக்காகத்தான் வெட்டினார். பாட்டு எங்கெங்கோ சுற்றிவிட்டு முதல் அடிக்குத் திரும்பி வரும் அல்லவா, அந்த இடம் அவர் காதுக்கு முடிவு மாதிரி இருந்தது. அங்கே ஒரு கத்தரி. ஷோபாவிடம் சொல்லவில்லை. அவளுக்கு இந்தப் பட்டியல் வேண்டியதில்லை என்பதால் அவளும் போட்டுக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தபோது, "இருக்கட்டும், பிள்ளைங்களுக்கு இது போதும்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பட்டியலில் இருந்த பாட்டுகளைத்தான் ஷோபா கச்சேரியில் வாசிக்கப்போகிறாள் என்பதை நாங்கள் இருவரும் யோசிக்கவே இல்லை.

பொங்கல் மாலை. கீழ்த்தளத்தில் கார்களை எல்லாம் வெளியே எடுக்கவைத்து (பார்க்கிங் சங்கரோடு அதற்கு ஒரு தனி யுத்தம்) ஜமுக்காளம் விரித்தோம். தமிழ், தெலுங்கு, இந்திக் குடும்பங்கள் எல்லாம் வந்துவிட்டன. எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் இன்ஜினீயரான நாராயணஸ்வாமி மிருதங்கத்தோடு வந்திருந்தார். சங்கர் எல்லோருக்கும் பின்னால் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். ஷோபா மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, மோகனத்தில் தொடங்கினாள்.

முதல் அடியிலேயே குழந்தைகள் கண்டுபிடித்துவிட்டன. "மன பாட்ட! மன பாட்ட!" என்று வர்ஷினி தெலுங்கில் குதித்தாள், நம்ம பாட்டு என்று. நஸ்ரின் மகன் வாயைத் திறந்துகொண்டு சோற்றுக்குக் காத்திருந்தான். பெரியவர்கள் தொடையில் தாளம் போட்டார்கள். பாட்டு மேலே போய், சுற்றி, முதல் அடிக்குத் திரும்பியது. அவ்வளவுதான், கீழ்த்தளமே அதிரும்படி எல்லோரும் கைதட்டினார்கள். எல்லோருடைய சி.டி.யும் அங்கேதானே முடியும்?

ஷோபா கண்ணைத் திறந்தாள். வில் நின்றுவிட்டது. மிருதங்கமும் நின்றது. ஜனங்கள் மலர்ந்த முகத்தோடு இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் பார்த்தது இந்த முகங்களை அல்ல, திருமுல்கேரி முகங்களை. வயலினைத் தோளிலிருந்து மெல்ல இறக்கி மடியில் வைத்தாள். பிறகு உறையைத் தேடிக் கையை நீட்டினாள்.

சங்கர் ஓடிவந்தார். மைக்கைப் பிடித்தார்.

"தட்டாதீங்க! தயவுசெஞ்சு உட்காருங்க! பாட்டு இன்னும் முடியலீங்க. உங்களுக்குக் குடுத்த சி.டி.ல நான்தான் வெட்டிப்போட்டேன். நாலு நிமிஷத்துக்கு மேல எனக்குக் கேட்கத் தெரியாதுங்க. அதனால உங்களுக்கும் தெரியாதுன்னு நினைச்சுட்டேன்." பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "ஷோபா, அவங்க எந்திரிக்கச் சொல்லித் தட்டலை. பாட்டு நல்லாருக்குன்னு தட்டினாங்க. இதுக்கு அப்புறம் என்ன வரும்னு அவங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான் கேட்டதில்லை. நானும் அவங்களோட உட்கார்ந்துக்கறேன். வாசி."

மைக்கை வைத்துவிட்டு முன்வரிசையில் குழந்தைகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஷோபா அவரையே பார்த்தாள். அவள் கண் கலங்கியதா, என் கண் கலங்கியதால் அப்படித் தெரிந்ததா, சொல்லத் தெரியவில்லை. வயலினை எடுத்தாள்.

விட்ட இடத்திலிருந்து போனாள். எங்கள் யாருக்கும் தெரியாத பகுதி அது. பாட்டு இன்னும் மேலே ஏறி, ஓரிடத்தில் நின்று, திரும்பி, எங்களுக்குத் தெரிந்த அந்த முதல் அடியைத் தொட்டுவிட்டு மறுபடி வேறு பக்கம் ஓடியது. இப்போது யாரும் தட்டவில்லை. சங்கரின் முதுகை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தலை தொங்கவில்லை. தன் வீட்டிலேயே திறக்காத ஓர் அறை இருந்ததைக் கண்டவர் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

எத்தனை நேரம் வாசித்தாளோ, கடைசியில் வில் நின்றது. அவள் வயலினை இறக்கினாள். ஒருவரும் அசையவில்லை. தப்பான இடத்தில் தட்டித் திட்டு வாங்கியவர்கள் அல்லவா, இந்தமுறை யாருக்கும் தைரியம் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அத்தனை பேரும் அவளையே பார்த்தோம். நாராயணஸ்வாமி ஒன்றும் புரியாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

சங்கர்தான் மெதுவாகக் கேட்டார். "ஷோபா, இன்னும் இருக்கா?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "இந்தப் பாட்டு முடிஞ்சுதுங்க. எனக்குத்தான் இன்னும் நிறைய இருக்கு" என்றாள்.

அப்புறம் தட்டினோம் பாருங்கள், தெருவில் போன ஆட்டோக்காரர்கூட வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அடுத்த பாட்டுக்கு அவள் சுருதி சேர்க்கத் தொடங்கியதும் சங்கர் தன் இடத்தில் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.